அப்பா திரும்பி வரும்வரை

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பழைய சாலையில் பேருந்தில் போனவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். இப்போதைய அகலச் சாலையைச் சொல்லவில்லை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர் ஊராக நின்று, புவனகிரிக்குள் புகுந்து வெள்ளாற்றைத் தாண்டிப் போகுமே, அது. அதில் வெளிர் நீலத்தில் ஓடிய வண்டிகள் எங்களுடையவை. கண்ணாடிக்கு மேலே நெற்றியில் சிவப்பு எழுத்தில் ஒரு பெண் பெயர் இருக்கும். அது என் பெயர். இங்கே எழுதப்போவதில்லை.

என் அப்பாவைப் பற்றி மேடையில் பேசியவர்கள் எல்லாரும் ஒரே கதையில்தான் தொடங்குவார்கள். பேருந்து முதலாளியாக இருந்தவர் எப்படி மக்கள் தலைவர் ஆனார் என்ற கதை. நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு சிறுமி வருவாள். அவளுக்கு ஒரு வார்த்தை வசனம்கூடக் கிடையாது. அந்தச் சிறுமிக்கு இப்போது மூட்டுவலியும் சர்க்கரையும் இருக்கின்றன, பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. அவள் பார்த்ததை ஒரு முறையாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

அப்பாவுக்குச் சொந்த ஊர் காடாம்புலியூர்ப் பக்கம். முந்திரியும் பலாவும் வைத்திருந்த விவசாயக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் தோப்பைக் கட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பலாப்பழ லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு ஓட்டினார். பிறகு ஒரு லாரி வாங்கினார். அதை விற்று ஒரு பேருந்து, அதிலிருந்து இன்னொன்று. எனக்கு விவரம் தெரிந்தபோது செம்மண்டலத்தில் வீடு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். காலையில் அம்மா காப்பி கலக்கும் வாசனையும் டீசல் புகையும் ஒன்றாகத்தான் வரும். முதல் வண்டி கிளம்பும்போது டிரைவர் அண்ணன் என்னைத் தூக்கித் தன் சீட்டில் உட்கார வைப்பார். வெளியே பித்தளைக் குழாயும் உள்ளே கறுப்பு ரப்பர் பந்துமாக ஒரு ஹாரன் இருக்கும். இரண்டு கையாலும் அமுக்கினால்தான் சத்தம் வரும். அந்த ரப்பரின் பிசுபிசுப்பை இப்போதும் உள்ளங்கையில் உணர முடிகிறது. அந்த ஹாரனை எங்கே கண்டீர்கள் இப்போது? பழைய இரும்புக் கடையில்கூட இல்லை.

அப்பாவுக்கு அப்போது அரசியல் கிடையாது. பேப்பர் படிப்பார், அவ்வளவுதான். கூட்டம் என்றாலே ஒதுங்குவார். கல்யாண வீட்டில் நாலு வார்த்தை வாழ்த்திப் பேசச் சொன்னால், தொண்டை கட்டிவிட்டது என்று நழுவிவிடுவார். இதை யாரும் மேடையில் சொன்னதில்லை.

அந்தக் கோடை விடுமுறைக்கு நான் புவனகிரியில் மாமா வீட்டில் இருந்தேன். அம்மாவின் தம்பி. அவர்தான் அப்பாவின் காரையும் ஓட்டுவார், கம்பெனி வேலையையும் பார்ப்பார். அவருக்கு என்மீது உயிர். வெள்ளாற்று மணலில் ஊற்றுத் தோண்டி விளையாடி, முதுகு முழுக்க வேர்க்குருவோடு கிடந்தேன். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்று அப்பா வந்து அழைத்துக்கொண்டு கிளம்பினார். மாமா ஓட்டினார், அப்பா பக்கத்தில், நான் பின்சீட்டில். பலாப்பழம் ஒன்று காலடியில் உருண்டுகொண்டே வந்தது. எங்கள் வண்டி ஒன்று எங்களுக்கு முன்னால் கடலூர் போயிருந்தது. வழியில் பிடித்துவிடலாம், ஹாரன் அடித்துவிட்டு வருகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதுச்சத்திரம் தாண்டி, சவுக்குத் தோப்புகள் வரும் இடம். கடற்கரைக் குப்பத்திலிருந்து ஒரு மண்பாதை வந்து சாலையில் சேரும். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே எங்கள் வண்டி குறுக்கே நின்றது. முன்கண்ணாடி முழுக்க உதிர்ந்துபோய், என் பெயர் மட்டும் மேலே இருந்தது. பயணிகள் மூட்டை முடிச்சோடு சாலை ஓரம் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைச் சுற்றி ஆட்கள். கையில் சவுக்குக் கட்டைகள்.

மாமா காரை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "மச்சான், நம்ம வண்டி. யார் மேலயோ ஏத்திட்டான் போலருக்குது. திருப்பிடறேன். போலீஸோட வரலாம்."

அப்பா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மச்சான், கொழந்த வேற இருக்குது. சொன்னாக் கேளுங்க."

"புளியமரத்தடியில ஆள் கெடக்கறான்டா. காலு ஆடுது பாரு. உசுரு இருக்குது" என்றார் அப்பா. "திருப்பாத." என்னிடம் திரும்பி, "கீழ எறங்காத" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

கார்க் கண்ணாடி இறக்கியிருந்தது. மீன் நாற்றமும் வெயிலில் காய்ந்த தாரும் டீசலும் சேர்ந்து அடித்தன. மரத்தடியில் ஒரு படகுப் பாய்த்துணியில் அந்த மனிதர் கிடந்தார். சின்ன வயசு. மீன் பெட்டியோடு சைக்கிளில் மண்பாதையிலிருந்து ஏறியபோது வண்டி அடித்துவிட்டது. சைக்கிள் வண்டிக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. ஒரு பெண் தன் சேலையைக் கிழித்து அவர் தொடையில் கட்டியிருந்தாள். அவர் மனைவி. அவர் கத்தவில்லை. மூச்சோடு சேர்ந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது, தூக்கத்தில் முனகுவது மாதிரி.

அப்பா போய் நின்று, "வண்டி என்னுதுதான்" என்றார்.

ஓர் ஆள் ஓங்கி அறைந்தான். அப்பாவின் தோளில் இருந்த துண்டு மண்ணில் விழுந்தது. என் அப்பாவை ஒருவர் அடிக்க முடியும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அவர் கன்னத்தைக்கூடத் தடவவில்லை.

"அடிக்கறதுன்னா அப்பறமா அடிங்க. மொதல்ல இவர கார்ல ஏத்துங்க. கடலூர் போய்டலாம்."

கூட்டத்துக்கு நடுவில் நரைத்த மீசையோடு ஒரு பெரியவர் இருந்தார். அந்தக் குப்பத்து நாட்டாமை. அவர் கத்தாமல்தான் பேசினார். "ஏத்தலாம் மொதலாளி. போன வருசம் ஒரு லாரிக்காரனும் இப்பிடித்தான் ஏத்திக்கினு போனான். எங்காளு செத்துட்டான்னு தெரிஞ்சதும் வழியிலயே எறக்கிப் போட்டுட்டுப் போய்ட்டான். ஒன் டிரைவர வலக் கொட்டாயில அடைச்சி வெச்சிருக்கோம். ஆனா டிரைவருக்காவ நீ திரும்பி வருவியா?"

"நா இங்கயே இருக்கேன். என் மச்சான் ஓட்டிக்கினு போவட்டும்."

"நீ இருந்து என்னாத்துக்கு? ஆஸ்பத்திரியில ஒன் பேச்சுதான் எடுபடும். அவன் போய் வரிசையில நிப்பான். அதுக்குள்ள இவன் செத்துருவான்."

"அப்ப என் மச்சான் இருக்கட்டும்."

ஒருவன் சிரித்தான். அந்த நேரத்தில்தான் என் பக்கத்துக் கார்க் கதவு திறந்தது. உயரமாக ஒரு பெண். மஞ்சள் சேலை, இடுப்பில் செருகிய கத்தி, கையெல்லாம் செதில். அடிபட்டவரின் அக்கா. என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இறக்கினாள்.

"இது யாரு? பேரு என்னா ஒனக்கு?"

சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒருவன் வண்டியின் நெற்றியைப் பார்த்து எழுத்துக் கூட்டினான். "அக்கா, வண்டியில எழுதியிருக்கிற பேருதான்."

"அப்ப மொதலாளி மவளா?" என்று அவள் கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "மச்சான வுட்டுட்டு ஓடறவன் இருக்கான். பெத்த புள்ளைய எவன் வுட்டுட்டு ஓடுவான்? இது இங்க இருக்கட்டும். என் தம்பிய உசுரோட காட்டிட்டு இட்டுக்கினு போ."

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். மேடைக் கதையில் இந்த இடத்தில் அப்பா ஒரு வசனம் பேசுவார். 'இதோ என் ஒரே மகள், வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டு வந்து என் பிள்ளையை வாங்கிக்கொள்கிறேன்.' கேட்பவர்கள் கை தட்டுவார்கள். சிலர் கண் துடைப்பார்கள்.

அப்பா எதுவும் பேசவில்லை. வாய் திறந்திருந்தது. மரத்தடியிலிருந்து அந்த மனைவி, "பேசிக்கினே நிக்கறீங்களே, செத்துருவாருய்யா" என்று அழுதாள். மாமா, "மச்சான், வேணாம்" என்றார். அப்பா நாட்டாமையைப் பார்த்தார், அந்த அக்காவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நா இருக்கேம்பா. நீ போய்ட்டு வா" என்றேன்.

தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த முனகல் சத்தம் என்னால் தாங்க முடியவில்லை. அது நின்றால் போதும் என்று இருந்தது. அப்பா போனால் அதுவும் போய்விடும். அவ்வளவுதான் கணக்கு.

அடுத்த நொடி எல்லாரும் வேகமானார்கள். அடிபட்டவரைப் பாய்த்துணியோடு தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். பலாப்பழத்தை யாரோ எடுத்து வெளியே வீசினார்கள், அது உடைந்து சுளை மண்ணில் சிதறியது. அப்பாவே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். லாரி ஓட்டிய கை. மாமாவும் அந்த மனைவியும் கூடவே ஏறிக்கொண்டார்கள். கார் போன புழுதி அடங்குவதற்குள் அந்த அக்கா என்னை இழுத்துக்கொண்டு மண்பாதையில் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

அவள் வீடு கடலுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. கீற்றுக் கூரை, குனிந்து நுழைய வேண்டும். உள்ளே என்னை உட்கார வைத்துவிட்டு வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். இடுப்புக் கத்தியை எடுத்துத் தரையில் வைத்தாள். அது மீன் அறுக்கும் கத்தி என்று இப்போது சொல்வேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே ஒரு தூளியில் அவள் தம்பியின் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

ஊர்ப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். என் வயசுப் பெண் ஒருத்தி, "ஒங்கப்பா வரலன்னா ஒன்ன கடல்ல போட்டுருவாங்க" என்று ரொம்ப அக்கறையாகச் சொன்னாள். அந்த அக்கா ஒரு மணல் கட்டியை எடுத்து எறிந்து அவர்களைத் துரத்தினாள்.

பக்கத்தில்தான் வலைக் கொட்டகை. அங்கிருந்து டிரைவர் அண்ணன் குரல் வந்தது. "பாப்பா! பாப்பாவா அது? ஒனக்கு ஒண்ணுமில்லயே?"

"இல்லண்ணே."

பிறகு அவர் அழுவது கேட்டது. பெரிய ஆம்பிளை அழுவதை நான் அதுவரை கேட்டதில்லை. அவரை யாரோ உள்ளேயே இரண்டு தட்டுத் தட்டினார்கள். அழுகை நின்றது.

வெயில் சாய்ந்தது. கூரையின் பொத்தல் வழியாக விழுந்த வெளிச்சம் தரையில் நகர்ந்து என் கால் மேல் ஏறியது. அந்த அக்கா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "சாப்புட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவளுக்குத் தெரிந்திருக்காது. எழுந்து ஒரு அலுமினியத் தட்டில் சோறும் மீன் குழம்பும் போட்டு என் முன்னால் தள்ளினாள். பயத்தில் சாப்பிட முடியாது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பசித்தது. அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். புளியும் காரமுமாக இருந்தது குழம்பு. தண்ணீர் உப்புக் கரித்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் என்னையே பார்த்தாள்.

"ஒங்கப்பன் வருவானா?"

"வருவாரு."

"எப்பிடித் தெரியும்?"

அதுவரை அப்பா எங்கே போனாலும் திரும்பி வந்திருக்கிறார், அதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தபோது அழுகை வந்தது. அவள் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. தூளியிலிருந்த குழந்தை விழித்துச் சிணுங்கியதும் அதை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு மறுபடியும் வாசலுக்குப் போனாள். குழந்தை என் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துக்கொண்டது.

பொழுது இறங்கும் நேரத்தில் ஊருக்குள் கூச்சல் கேட்டது. "போலீஸு! போலீஸ இட்டாந்துட்டான்!"

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அப்பாவோடு கடலூர் போன மாமா, ஆஸ்பத்திரி வாசலிலேயே இறங்கி, என் அம்மாவுக்குத் தகவல் சொல்லிவிட்டு வருகிறேன் என்று செம்மண்டலம் போயிருக்கிறார். அம்மா கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு, "என் பொண்ண குப்பத்துல வுட்டுட்டு இங்க எதுக்குடா வந்து நிக்கற? போலீஸ இட்டுக்கினு போடா" என்று துரத்தியிருக்கிறாள். அப்பாவிடம் கேட்கவில்லை.

ஜீப் மணலில் சிக்கிக்கொண்டது. போலீஸ்காரர்கள் இறங்கி நடந்து வந்தார்கள், மாமா முன்னால். ஊர் ஆம்பிளைகள் கட்டையோடு வீடுகளுக்கு முன்னால் கூடிவிட்டார்கள். கொட்டகையைத் திறந்து டிரைவர் அண்ணனை இழுத்து வந்து மண்டியிட வைத்தார்கள். அவர் நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. அவருக்குப் பின்னால் ஒருவன் கட்டையை ஓங்கியபடி நின்றான். அந்த அக்கா குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் எறிகிற மாதிரி கொடுத்துவிட்டு, என்னைப் பிடித்து வெளியே இழுத்து வந்து தன் முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் கத்தினார். "பொண்ண வுட்டுரு. இல்லன்னா ஊரயே தூக்கி உள்ள வெச்சிருவேன்."

"வுடறேன். என் தம்பி உசுரோட இருக்கானா? அத மொதல்ல சொல்லச் சொல்லுங்க."

"இருக்காரும்மா. நல்லா இருக்காரு" என்றார் மாமா.

"நீ பாத்தியா?"

அதற்கு மேல் பொய் சொல்ல மாமாவுக்கு வரவில்லை. பார்வையைக் கீழே இறக்கினார். என் தோளில் இருந்த அவள் விரல்கள் இறுகின. எலும்பு வலித்தது.

"பாப்பா, ஓடியா" என்று மாமா கையை நீட்டினார். "ஓடி வந்துரும்மா. மாமா இருக்கேன்."

அப்போது அந்த விரல்கள் தளர்ந்தன. தெரிந்தே தளர்த்தினாளா, தம்பி செத்துவிட்டான் என்று நினைத்துக் கை ஓய்ந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓட வழி இருந்தது. மாமா பத்தடி தூரத்தில். ஆனால் எனக்கு டிரைவர் அண்ணனின் பிடரி தெரிந்தது, அதற்கு மேலே அந்தக் கட்டை தெரிந்தது. நான் ஓடினால் அது இறங்கும். அந்த வயசிலும் அது புரிந்தது.

"அப்பா வரட்டும்" என்றேன்.

"என்னாம்மா சொல்ற?"

"அப்பா வரட்டும் மாமா."

யாரும் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எனக்குச் சொல்லத் தெரியாது. கால் மரத்துப்போனது நினைவிருக்கிறது. அப்புறம் சாலைப் பக்கமிருந்து கார்ச் சத்தம்.

அப்பாவின் வெள்ளைச் சட்டை மார்பிலிருந்து கீழே கறுப்பாக இருந்தது. ரத்தம் காய்ந்தால் கறுப்பாகும் என்று அன்றுதான் பார்த்தேன். போலீஸ்காரர்களைத் தாண்டி, மாமாவைத் தாண்டி, என்னையும் பார்க்காமல் நேரே அந்த அக்காவிடம் வந்தார்.

"உசுரு இருக்குதும்மா. ரத்தம் குடுத்து வெச்சிருக்காங்க. காலு போச்சு. முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க. பொய் சொல்ல மாட்டேன்."

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். நாட்டாமை கையை அசைத்தார். டிரைவர் அண்ணனுக்குப் பின்னாலிருந்த கட்டை கீழே இறங்கியது, மெதுவாக, தரையில்.

அப்பா இன்ஸ்பெக்டரிடம் கும்பிட்டுச் சொன்னார். "நா கூப்புடலங்க. இவங்க மேல எந்தக் கேசும் வேணாம். என் வண்டி மேல கேஸ் போடுங்க." பிறகுதான் என்னிடம் வந்தார். "வாம்மா" என்றார். தூக்கவில்லை. நடந்து போய்க் காரில் ஏறினோம். பின்சீட் ஈரமாக இருந்ததால் மாமா மடியில் உட்கார்ந்து போனேன்.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். என் கை, கால், முதுகு எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையை முகர்ந்தாள். கிணற்றடிக்கு இழுத்துப் போய்ச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், தோல் சிவக்கும்வரை.

அதற்கப்புறம் நடந்ததுதான் ஊருக்குத் தெரியும். கடலூர் முதுநகர் மீன் மார்க்கெட்டிலும் சிதம்பரம் பேருந்து நிலையத்திலும் கதை பரவியது. பரவப் பரவ வளர்ந்தது. எங்கள் வண்டி என்றால் கை காட்டாத இடத்திலும் கை காட்டி ஏறினார்கள். குப்பங்களிலிருந்து பஞ்சாயத்துப் பேச அப்பாவை அழைக்க வந்தார்கள். அடிபட்டவருக்குப் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் வேலை கொடுத்து, கட்டைக்கால் வைத்துக் கொடுத்தார் அப்பா. அதை யாரும் சொல்லிச் செய்யவில்லை. மனசாரத்தான் செய்தார். அடுத்த தேர்தலுக்கு ஷெட்டில் வண்டிகளைவிடக் கட்சிக் கொடிகள்தான் அதிகம் இருந்தன.

சிதம்பரத்தில் ஒரு கூட்டம். அம்மாவையும் என்னையும் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அந்த டைம் கீப்பர், வேட்டியை ஒதுக்கி, கட்டைக்கால் கூட்டத்துக்குத் தெரியும்படி உட்கார வைக்கப்பட்டிருந்தார். அவர் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. பேச்சாளர் அந்த வசனத்தைச் சொன்னார். 'இதோ என் ஒரே மகள்.' அம்மா அதை முதல் தடவையாகக் கேட்டாள். அதுவரை அவளுக்குத் தெரிந்தது, குப்பத்தார் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்பது மட்டும். என் கையைப் பிடித்து எழுந்து கூட்டத்துக்கு நடுவிலேயே நடந்தாள்.

வீட்டில் அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றாள். "நீங்களா குடுத்தீங்க? நீங்களா வெச்சிக்கங்கன்னு சொன்னீங்க?"

அப்பா சொம்பைக் கீழே வைத்தார். "ஆமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லம்மா, நாந்தாம்மா சொன்னேன், நா இருக்கேன்னு..."

"நீ வாய மூடு. அவரு சொல்லிக் குடுத்தத ஒப்பிக்காத."

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. மாமாவையும் வாய் திறக்க விடவில்லை. மறுநாள் அம்மா பெயிண்டரை வரவழைத்து, ஷெட்டில் நின்று, எல்லா வண்டியிலும் என் பெயரை அழிக்க வைத்தாள். அதற்கப்புறம் என்னைத் தனியாக அவரோடு எங்கேயும் அனுப்பியதில்லை. என் கல்யாணத்தில்கூட அவர் காரில் என்னை ஏற விடவில்லை. அவள் கோபத்தில் பாதி, போலீஸை அனுப்பித் தானும் என்னை அந்தக் கட்டைக்கு முன்னால் நிறுத்திவிட்டோமே என்பதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அம்மாவைப் பார்த்தால் பயம்தான்.

தேர்தலுக்கு முன்னால் அந்த அக்கா ஒரு நாள் மீன் கூடையோடு வீட்டுக்கு வந்தாள். அம்மா கதவைச் சாத்தப் போனாள். "ஒங்கிட்ட பேச வரலம்மா" என்றுவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். "என் தம்பிய மேடையில ஒக்கார வெக்காத மொதலாளி. அவன் வீட்டுக்கு வந்து சோறு திங்க மாட்டேங்கறான்." அப்பா சரி என்றார். அந்தக் கட்டைக்காலைக் காட்டாமலே ஜெயிக்கும் நிலையில்தான் அப்பா அப்போது இருந்தார். ஆனாலும் கட்சிக்காரர்கள் கேட்கவில்லை. டைம் கீப்பர் கடைசிக் கூட்டம்வரை மேடையில் உட்கார்ந்தார். அந்த அக்கா அதற்கப்புறம் எங்கள் தெருவில் மீன் விற்க வரவில்லை.

அப்பா சட்டசபைக்குப் போனார். பேசத் தெரியாதவர் பேசக் கற்றுக்கொண்டார். அந்த மண்பாதைக்குத் தார் போட்டதும், அந்தச் சாலையில் ஓர் ஆஸ்பத்திரி வந்ததும் அவரால்தான். நல்லவர் என்று ஊர் சொல்வதில் தப்பே இல்லை.

இப்போது அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அம்மாவும் அவரோடுதான் இருக்கிறாள். பேருந்துகள் கைமாறி, ஷெட் இருந்த இடத்தில் ஒரு துணிக்கடைக்காரர் குடோன் வைத்திருக்கிறார். போன மாதம் கட்சியிலிருந்து இரண்டு பையன்கள் கேமராவோடு வந்தார்கள். பிறந்தநாளுக்கு வீடியோ எடுக்கிறார்களாம். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி. நீங்கதான அந்தப் பொண்ணு?" என்று என் பக்கம் கேமராவைத் திருப்பினான் ஒருவன்.

"அன்னிக்கு அப்பா எதுவும் பேசல" என்று ஆரம்பித்தேன்.

"அத வுடு" என்றார் அப்பா. அவரிடமிருந்து அவ்வளவு உரத்த குரலைக் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய படங்களை வைத்துப் பின்னணிக் குரல் போட்டுக்கொள்கிறோம் என்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "ஏம்பா? நாந்தான் இருக்கேன்னு சொன்னேன்னு அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம். இத்தன வருசம் அவங்க வாயில வுழுந்தீங்களே."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னான்னு சொல்றது? எனக்கு வாயே வரலன்னா? பத்து வயசுப் பொண்ணு பதில் சொல்ற வரைக்கும் மரமாட்டம் நின்னேன்னா?" மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார். "புள்ளைய அடகு வெச்சவன்னு திட்டட்டும். பரவால்ல. பயந்து நின்னவன்னு தெரிஞ்சா எவன் ஓட்டுப் போடுவான்? ஒங்கம்மாதான் என்னா நெனப்பா?"

சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, கூன் விழுந்த முதுகோடு. நான் எழுந்தேன். இனி வீடு இரண்டாகப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்தபடி என்னிடம் வந்தாள்.

"நீயா சொன்ன?"

"ஆமாம்மா. அன்னிக்கே சொன்னனே."

அவள் என் முகத்தைத் தொட்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன. "பயமா இல்லியாடி?"

அந்தக் கதையை ஊரே சொல்லியிருக்கிறது. மேடை மேடையாகச் சொன்னார்கள். ஆனால் இந்தக் கேள்வியை இதுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

"இருந்துச்சும்மா" என்றேன். "ரொம்ப பயமா இருந்துச்சு."